ஹைப்பர்ஃபைன் ஸ்வூப்: படுக்கைக்கே உருண்டு வரும் எம்.ஆர்.ஐ.

2020-இல் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த இந்தச் சக்கர எம்.ஆர்.ஐ. தலைக்கு மட்டும். 64 மில்லிடெஸ்லா (0.064 டெஸ்லா; டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) நிலைக்காந்தம். காந்தத்தைக் குளிர்விக்க ஹீலியமும் வேண்டாம், வெளி மின்னலைகளைத் தடுக்கச் செம்புக் கவசம் அடித்த அறையும் வேண்டாம். சுவர் பிளக்கே போதும். ஐசியூவில் வென்டிலேட்டரோடு இருப்பவரை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் அலைச்சல் மிச்சம்.

இழப்பு சிக்னலில்தான். வழக்கமான 1.5 டெஸ்லா கருவியில், சிக்னல் தரும் ஹைட்ரஜன் புரோட்டானின் அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். இங்கே வெறும் 2.7. புலமும் அதிர்வெண்ணும் குறைந்து சிக்னல் மெலிவதால் 5 மி.மீ. அளவுக்குத் தடித்த ஸ்லைஸ்தான் (குறுக்குவெட்டுப் படம்) எடுக்க முடிகிறது. பெரிய ரத்தக்கசிவு, மூளையின் நடுக்கோடு விலகல், வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) வீக்கம் தெரியும். பொடி இன்ஃபார்க்ட் (ரத்தம் தடைபட்டு இறந்த திசு) நழுவிவிடும். கொழுப்புக்கும் நீருக்குமான 3.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3.5 பங்கு) அதிர்வெண் இடைவெளி இங்கே பத்து ஹெர்ட்ஸ்கூட இல்லை. அலைவரிசை பார்த்துக் கொழுப்பை அடக்கும் உத்தி எடுபடாது. உலோகக் கிளிப்பைச் சுற்றிப் படம் கலைவது மட்டும் குறைவு.

கவசம் இல்லாததால் இன்ஃபியூஷன் பம்பின் (நரம்பில் மருந்து செலுத்தும் கருவி) மின்னிரைச்சல் படத்தில் கோடாக விழலாம். கருவி தானே அளந்து கழிக்கும். ஆனாலும் தேவையற்ற மின்சாதனங்களை முதலில் தள்ளிவையுங்கள். காந்தத்தை அணைக்க வழியில்லை, பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்காமல் தொடங்காதீர்கள்.