கார் ஓட்டாதவர்களுக்கு டஸ்கனியா, உம்பிரியாவா?

போன மே மாதம் அம்மாவோடு இத்தாலி போனபோது, அந்நாட்டின் நடுப்பகுதியில் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களான டஸ்கனியில் இரண்டு நாளும் உம்பிரியாவில் ஐந்து நாளும் இருந்தோம். மறுபடி போனாலும் உம்பிரியாவுக்குத்தான் அதிக நாள் ஒதுக்குவேன்.

டஸ்கனியின் அழகைப் பற்றிப் பேச்சே இல்லை. சைப்ரஸ் மரங்கள் வரிசைகட்டி நிற்கும் ஓர்ச்சா பள்ளத்தாக்கு 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உம்பிரியாவில் கடல் கிடையாது. மலையும் காடும் ஏராளம். கண்ணுக்கு இரண்டுமே விருந்துதான். ஆனால் எங்கள் இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

டஸ்கனியின் மலையூர்களில் பியென்சாவில் ரயில் நிலையமே இல்லை, மொந்தால்சினோவிலும் இல்லை. மொந்தேபுல்சியானோவுக்கு ஒன்று உண்டு. ஆனால் ஊர் அங்கிருந்து வெகு தூரம், மலைமேல். பேருந்தை நம்பினோம். பியென்சாவில் மதியப் பேருந்தைத் தவறவிட்டு, அடுத்ததற்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். படங்களில் பார்க்கும் வளைந்த பாதைகளும் தனித்த பண்ணை வீடுகளும் கார் இருந்தால்தான் கிட்டும். கார் எடுக்க இந்திய உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பழைய ஊர்களின் தடைசெய்த தெருக்களில் நுழைந்தால் கேமரா வண்டி எண்ணைப் பிடித்துவிடும். என் நண்பருக்கு ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதம் வந்தது.

உம்பிரியாவில் ஸ்பெல்லோ ஊரில் தங்கினோம். ஃபோலிஞோ, ஸ்பெல்லோ, அசிசி, பெருஜியா எல்லாம் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. ஸ்பெல்லோவிலிருந்து அசிசிக்குப் பத்து நிமிடம்தான். அசிசி நிலையம் அடிவாரத்தில். மேலே போக நகரப் பேருந்து. அங்கே புனித பிரான்சிஸ் பேராலயத்தில், ஓவியர் ஜொத்தோ வரைந்ததாகச் சொல்லப்படும் அந்தப் புனிதரின் வாழ்க்கைக் காட்சிகள் 28ஐயும் அம்மா ஒன்று விடாமல் பார்த்தார். 1997 நிலநடுக்கத்தில் அந்தப் பேராலயத்தின் கூரை வளைவே இடிந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது.

எனக்கு அதைவிட மனதில் நின்றது ஸ்பெல்லோவின் சாந்தா மரியா மஜ்ஜோரே கோவில்தான். அங்கே ஓவியர் பிந்துரிக்கியோ 1501இல் முடித்த சுவரோவியங்களில், மரியாவுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொல்லும் காட்சி ஒன்று. அந்த ஓவியத்துக்குள் வலப்பக்கம் தெரியும் சுவரில் ஒரு தட்டு, மேலே புத்தகங்கள், கீழே மாட்டிய சின்னப் படம். அந்தப் படத்தில் இருப்பவர் ஓவியரேதான்!

சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு இடத்திலும் ரொட்டியில் உப்பே போடுவதில்லை, முதல் நாள் சப்பென்று இருக்கும். டஸ்கனியில் பூண்டும் தக்காளியும் போட்ட தடித்த பீச்சி பாஸ்தா பிரமாதம். உம்பிரியாவில் தோர்த்தா அல் தேஸ்தோ: கல்லில் சுட்ட தடித்த ரொட்டியைப் பிளந்து வதக்கிய கீரை வைத்துத் தருவார்கள். சைவமான அம்மாவுக்கு மூன்று நாள் மதியச் சாப்பாடு அதுதான். பருப்புச் சூப்பில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

நூர்சியா, காஸ்தெல்லூச்சோ பக்கம் நாங்கள் போகவில்லை. உம்பிரியாவிலும் அந்த மலைப்பகுதிக்குக் கார் இல்லாமல் போவது கஷ்டம். டஸ்கனியின் கியாந்திப் பகுதியையும் பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

டஸ்கனியை அடியோடு விட மனமில்லாதவர்கள் ஃபோலிஞோவிலிருந்து ஃபிளாரன்ஸ் போகும் ரயிலில் ஏறி, டஸ்கனி ஊரான அரெஸ்ஸோவில் இறங்குங்கள். ஓவியர் பியெரோ தெல்லா பிரான்செஸ்காவின் சுவரோவியங்கள் உள்ள சான் பிரான்செஸ்கோ கோவில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.