கடலை மிட்டாய்: வெல்லமா, சீனியா, கருப்பட்டியா?

ஒரே கடலை, ஒரே வாணலி, ஒரே அடுப்பு. இனிப்பை மட்டும் மாற்றினால் மூன்று வேறு மிட்டாய் வரும். வெல்லத்தில் செய்தது முறுக்கென்று உடைந்து வாயில் கரையும். சீனியில் செய்தது கண்ணாடித் துண்டுபோல் உடையும், கொஞ்சம் முரடு. கருப்பட்டியில் செய்தது வாசனையில் முந்தும், பதத்தில் பிந்தும். எது உசத்தி என்ற சண்டை பெரும்பாலும் உடம்புக்கு நல்லதா என்பதில் போய் நிற்கிறது. சமையல்கட்டில் நிற்பவருக்கு அதைவிட முக்கியமானது, எந்தப் பாகு எங்கே காலை வாரும் என்பது.

முதலில் கடலையை முடித்துவிடலாம், அது மூன்றுக்கும் பொது. 280 கிராம் பச்சைக் கடலை எடுத்தால் வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்தபின் ஏறக்குறைய 250 கிராம் தேறும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் வறுக்கும் முன்பே பொறுக்கி எறிய வேண்டும். பூஞ்சைக் கடலையில் உள்ள அஃப்ளடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. கனமான வாணலியில் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம், கை நிற்காமல் வறுக்கவும். ஒரு பருப்பை உடைத்துப் பார்த்தால் உள்ளே இளம் பொன்னிறம் தெரிய வேண்டும். மேலே கறுத்து உள்ளே வெளுத்திருந்தால் தீ அதிகம் என்று பொருள். மணலில் வறுத்தால் சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறும்; ஆனால் சலித்தபின்னும் பல்லில் ஒரு மணல் நெறிந்தால் மொத்த மிட்டாயும் வீண். கடையில் வாங்கிய உப்புக் கடலை வேண்டவே வேண்டாம்.

உடைத்த பருப்பு ஏன்? தட்டைப் பக்கம் பாகை நன்றாகப் பிடிக்கும், மிட்டாயும் மெல்லியதாக நிற்கும். முழுப் பருப்பில் செய்தால் துண்டு போடும்போது பருப்பு தெறித்து ஓரம் பிய்யும். புடைக்கும்போது முளைக்குருத்தையும் விலக்குங்கள், அது லேசாகக் கசக்கும். பாகில் கொட்டும் நேரத்தில் கடலை வெதுவெதுப்பாக இருப்பது அவசியம். ஆறிய கடலையைப் போட்டால் பாகு அதைச் சுற்றி உடனே இறுகி, கலக்குவதற்குள் கட்டிகட்டியாகிவிடும்.

வெல்லம்

250 கிராம் உடைத்த கடலைக்கு 200 கிராம் வெல்லம், 60 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி நெய், மூன்று ஏலக்காய். கோவில்பட்டியில் செய்வது இந்த வெல்ல வழிதான். கரிசல் மண் கடலை, வெல்லப் பாகு, சில கடைகளில் மேலே தூவும் வண்ணத் தேங்காய்த் துருவல்: இதற்குத்தான் 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வெல்லத்தின் பலம் அதன் அழுக்கிலேயே இருக்கிறது. கரும்புச் சாறு காய்ச்சப்படும்போது அதிலுள்ள சர்க்கரையில் ஒரு பங்கு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிரிந்து வெல்லத்திலேயே தங்கிவிடுகிறது. அந்தக் கலப்பு இருப்பதால் பாகு படிகமாகித் தானாகப் பூக்காது. எலுமிச்சை, குளுக்கோஸ் எதுவும் தேவையில்லை. அதே கலப்புதான் பலவீனமும்கூட: காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் திறந்து வைத்த வெல்ல மிட்டாய் இரண்டாம் நாளே கையில் ஒட்டுவது இதனால்தான்.

எல்லா வெல்லமும் ஒன்றல்ல. கடையில் 'பாகு வெல்லம்' என்று கேட்டு வாங்குங்கள். பளிச்சென்ற மஞ்சள் அச்சு வெல்லம் பார்க்க அழகாக இருக்கும், பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்தது. சீனி கலந்ததாகவும் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் இருந்து இளகிய பழைய வெல்லத்தில் மேலே சொன்ன பிரிந்த சர்க்கரை இன்னும் கூடியிருக்கும், எவ்வளவு காய்ச்சினாலும் முறுகாது. அதைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிய பின்பே காய்ச்ச வேண்டும். பாகு முதலில் பெரிய குமிழாகப் பொங்கும், பிறகு குமிழ் சிறுத்து, கெட்டியாகி, நிறம் கூடும். இந்தக் கட்டத்தில்தான் அவசரப்பட்டு இறக்கிவிடுகிறோம். கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கரைந்தால் இன்னும் வெகு தூரம். இளகிய உருண்டையாக வந்தால் சுமார் 115 டிகிரி செல்சியஸ். கெட்டி உருண்டை வந்தால் 125. பொரி உருண்டைக்கு அது போதும், கடலை மிட்டாய்க்குப் போதாது. விட்ட சொட்டு இறுகி, எடுத்து வளைத்தால் 'டக்'கென்று முறிந்து, கடித்தால் பல்லில் ஒட்டாமல் உடைய வேண்டும். அது 145 டிகிரி வாக்கில். உருண்டைக்கும் முறிவுக்கும் இடையில் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். நீங்கள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பாகு தன் பாட்டுக்கு முற்றிக்கொண்டிருக்கும். 150ஐத் தாண்டினால் வெல்லம் கசக்கத் தொடங்கும், மீட்க வழியில்லை.

சீனி

அதே 250 கிராம் கடலைக்கு 200 கிராம் சீனி. இதில் இரண்டு வழி உண்டு.

முதல் வழி தண்ணீர் விட்டுக் காய்ச்சுவது: 60 மில்லி தண்ணீர், அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சாறு எதற்கு? சுத்தமான சீனிப் பாகு எந்த நேரமும் படிகமாகிவிடத் துடித்துக்கொண்டிருக்கும். புளிப்பு கொஞ்சம் சீனியைப் பிரித்துவிட்டு அதைத் தடுக்கிறது. வெல்லத்தில் இயல்பாக இருக்கும் காப்பை இங்கே நாம் செய்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். எலுமிச்சைக்குப் பதில் 40 கிராம் லிக்விட் குளுக்கோஸ் சேர்த்தால் இன்னும் உறுதி. ஆனால் அளவு கூடினால் மிட்டாய் இழுவையாகும். பாகு கொதிக்கத் தொடங்கியபின் கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. வாணலி ஓரத்தில் காய்ந்த சீனித் துகள் ஒன்று உள்ளே விழுந்தால் போதும், முழுப் பாகும் மணல்போல் பூத்துவிடும். பூத்துவிட்டால் கொட்ட வேண்டியதில்லை: கால் டம்ளர் தண்ணீர் விட்டு முழுதாகக் கரைத்து மறுபடி முதலிலிருந்து காய்ச்சலாம். இந்தச் சலுகை கருகிய வெல்லத்துக்குக் கிடையாது.

இரண்டாவது வழி தண்ணீரே இல்லாமல் உருக்குவது. கனமான வாணலியில் சீனியைப் பரப்பிச் சிறு தீயில் வைத்தால் ஓரத்திலிருந்து உருகி, தேன் நிறத்துக்கு வரும். அந்த நிறம் வந்த கணம் நெய்யும் கடலையும் போட்டுவிட வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், பதம் பார்க்க வேண்டாம், நிறமே கணக்கு. முதன்முறை செய்பவருக்கு மூன்றிலும் சுலபம் இதுதான் என்பது எங்கள் கருத்து. ஒரே ஆபத்து, தேன் நிறத்திலிருந்து கருகலுக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்காது. உருகிய சீனி கொதிக்கும் எண்ணெயைவிட மோசமாகச் சுடும், தோலில் ஒட்டிக்கொண்டு விடாது. குழந்தைகளைத் தள்ளியே வையுங்கள்.

யாழ்ப்பாணப் பக்கம் கோயில் திருவிழாக்களில் விற்கும் கச்சான் (கடலை) அல்வா இந்தச் சீனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரில்தான் அல்வா. அமெரிக்கர்கள் செய்வதும் சீனிதான், ஆனால் முறை வேறு: சோளப் பாகும் வெண்ணெயும் சேர்த்து, பச்சைக் கடலையைப் பாகிலேயே வேகவைத்து, இறக்கும்போது சமையல் சோடா போடுவார்கள். சோடா நுரைத்து உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்களை விடுவதால் சீனியின் முரட்டுத்தனம் குறைந்து மொறுமொறுப்பாகும். நம் சீனி மிட்டாய்க்கும் கடைசியில் கால் தேக்கரண்டி போடலாம். வெல்லத்தில் வேண்டாம், நிறம் கறுத்து, கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை வரும்.

கருப்பட்டி

இதைத் தனியாகப் போட்டு மிட்டாய் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பனங் கருப்பட்டி ஒவ்வொரு வட்டும் ஒவ்வொரு விதம். பதநீர் இறக்கும் கலயத்தில் தடவிய சுண்ணாம்பு எவ்வளவு, காய்ச்சியபோது எவ்வளவு முற்றியது, எத்தனை மாதம் பரணில் இருந்தது என்று எல்லாமே பாகின் பதத்தில் வந்து நிற்கும். ஒரு வட்டு கல்லாக முறியும், அடுத்தது எவ்வளவு காய்ச்சினாலும் ஜவ்வாக இழுக்கும். தூசும் மணலும் அதிகம், துணியில் வடிகட்டாமல் தொடவே கூடாது. நிறம் ஏற்கெனவே கறுப்பு, ஆகவே நிறத்தைப் பார்த்துக் கருகலைக் கண்டுபிடிக்க முடியாது, மூக்குதான் துணை.

இத்தனைக்கும் அந்த வாசனைக்கு ஈடு இல்லை. 150 கிராம் கருப்பட்டியோடு 50 கிராம் பாகு வெல்லம் சேர்த்து, ஏலக்காய்க்குப் பதில் அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி போட்டால் பதமும் நிற்கும், மணமும் நிற்கும். முறிவுப் பதம் வந்ததும் ஒரு நொடி தாமதிக்காமல் இறக்கவும். வாங்கும்போது உடன்குடிக் கருப்பட்டி என்று கேட்பவர்கள் விலையையும் பார்க்கட்டும்: சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக இருந்தால் அதில் பனையைவிடச் சீனி அதிகம். அப்படிப்பட்ட கருப்பட்டி வெகு அழகாக முறுகும் என்பது வேறு விஷயம்.

சத்து பற்றி ஒரு வரி. வெல்லம், சீனி, கருப்பட்டி மூன்றிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 380 முதல் 400 கலோரிதான். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் உண்டு, ஆனால் ஒரு துண்டு மிட்டாயில் அது சொற்பம். கருப்பட்டி மிட்டாய்தானே என்று நீரிழிவுக்காரர் கவலையின்றிச் சாப்பிட முடியாது.

தெர்மாமீட்டரா, தண்ணீர்க் கிண்ணமா?

200 கிராம் பாகு அகன்ற வாணலியில் ஒரு விரல் ஆழம்கூட நிற்காது. தெர்மாமீட்டர் முனை அடியைத் தொட்டால் பாத்திரத்தின் சூட்டைக் காட்டும், மேலே நின்றால் ஆவியின் சூட்டை. வாணலியைச் சாய்த்துப் பாகை ஒரு பக்கம் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இன்னொரு சிக்கல்: அங்கே தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடுவதால் பாகின் இலக்கையும் 7 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்துக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான். வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் கிண்ணமே போதும். தண்ணீர் விட்ட சீனிப் பாகுக்கு மட்டும் தெர்மாமீட்டர் உண்மையில் உதவும், 150 டிகிரி வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுவதும் வெட்டுவதும்

பாகு தயாராகும் முன்பே பலகை, சப்பாத்திக் கட்டை, கத்தி மூன்றிலும் நெய் தடவி வைத்திருக்க வேண்டும். கடலையைப் போட்டு நான்கைந்து முறை புரட்டினால் போதும். பலகையில் கொட்டி, அரை அங்குலத்துக்கும் குறைவாகத் தேய்த்து, உடனே கோடு போடவும். வெல்லம் ஒன்றிரண்டு நிமிடம் இடம் கொடுக்கும். சீனி கொடுக்காது, வெட்டத் தவறினால் பேசாமல் ஆறவிட்டு கையால் உடைத்துக்கொள்ளலாம், பார்க்கவும் மோசமில்லை.

ஆறியபின் துண்டு வளைந்தால் பாகு போதவில்லை என்று பொருள். வெல்ல மிட்டாய் என்றால் எல்லாவற்றையும் வாணலியில் போட்டுச் சிறு தீயில் இளக்கி, மறுபடி சொட்டு முறியும்வரை புரட்டித் தட்டலாம். கடலை சற்றுச் சிவக்கும், பாதகமில்லை. அதற்கும் பொறுமை இல்லாவிட்டால் இளகியதும் கையில் நெய் தொட்டுக் கடலை உருண்டையாகப் பிடித்துவிடுங்கள். துண்டு உதிர்ந்தால் காரணம் வேறு: பாகு குறைவு அல்லது கடலை ஆறிப்போயிருந்தது.

முழுதாக ஆறாமல் டப்பாவில் போடக் கூடாது, உள்ளே வியர்த்துவிடும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்தால் சீனி மிட்டாய் ஒரு மாதம் மொறுமொறுவென்று இருக்கும், வெல்லம் வெயில் காலத்தில் மூன்று வாரம், ஐப்பசி மழையில் ஒரு வாரம். கருப்பட்டி அதற்கும் குறைவு. மூன்றிலும் பாகுக்கு முன்பே கடலை கெடலாம்: எண்ணெய் காறிய வாடை வந்தால் மிட்டாய் முறுகலாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.