இப்போதே விற்பதா, மூன்று மாதம் பொறுப்பதா, மகன் பெயருக்கு மாற்றுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டை விற்க நினைப்பவருக்குத் தே தாரிக் கடையிலேயே பாதி ஆலோசனை கிடைத்துவிடும். தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவருக்கு அப்படி மூன்று யோசனைகள் வந்தன. வீடு விற்ற லாபத்துக்குக் கட்டும் வரி எதில் குறையும் என்று மூன்றையும் ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

180,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கிய வீடு. இப்போது 260,000 கேட்கிறார். லாபம் 80,000 என்று தோன்றும். ஆனால் வாங்கியபோது கட்டிய முத்திரை வரி, லாயர் கட்டணம் 6,000. விற்கும்போது ஏஜெண்டுக்கு 3 விழுக்காடு, லாயருக்கு முதல் 500,000 வரை 1.25 விழுக்காடு, இரண்டுக்கும் சேவை வரி 8 விழுக்காடு. ஆக சுமார் 12,000. பின்கட்டை இழுத்துக் கட்டியது 12,000. மிஞ்சுவது 50,000. அதிலும் தனிநபருக்கு 10,000 வெள்ளியோ லாபத்தில் 10 விழுக்காடோ, எது கூடுதலோ அது கழியும். ஆக, வரி 40,000க்குத்தான். பின்கட்டுக்கு ரசீது இருந்ததால் தப்பித்தார். சொந்தக்காரப் பையன் கையில் ரசீது இல்லாமல் பணமாகக் கொடுத்த கூலியைக் கழிக்க முடியாது. வங்கிக் கடன் வட்டியும் கழியாது.

சரி, இப்போதே விற்றால்? வாங்கி முதல் மூன்று வருஷத்துக்குள் விற்றால் வரி 30, நான்காம் வருஷம் 20, ஐந்தாம் வருஷம் 15 விழுக்காடு. அண்ணன் ஐந்தாம் வருஷத்தில் நிற்கிறார்: 6,000 வெள்ளி. இதற்காக விலையில் 3 விழுக்காட்டை, அதாவது 7,800ஐ, வாங்குபவர் பிடித்து வருமான வரி வாரியத்துக்கு அனுப்புவார். அது தனி வரி இல்லை, முன்பணம். கூடுதலாகப் போனது பிறகு திரும்பி வரும். வந்து சேரும் வரை கைச்செலவுக்கு இடிக்கும்.

பொறுத்தால் ஆறாம் வருஷத்தில் வரியே இல்லை. 2019 முதல் 2021 வரை அதற்கும் 5 விழுக்காடு இருந்தது. அந்த நினைப்பிலேயே பலர் இன்னும் பேசுகிறார்கள். அண்ணன் சாவி வாங்கிய நாளிலிருந்து எண்ணி, எட்டு மாதம் பாக்கி என்றார். எண்ண வேண்டியது வாங்கியபோது போட்ட ஒப்பந்தத் தேதியிலிருந்து, விற்கும் ஒப்பந்தத் தேதி வரை. அப்படிப் பார்த்தால் மூன்றே மாதம். அந்த மூன்று மாதத்துக்கு வட்டி சுமார் 1,500. வாங்குபவர் பொறுப்பார் என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மகன் பெயருக்கு மாற்றுவதைத்தான் மேசை முழுக்க மெச்சியது. அப்பா மகனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் அப்பாவுக்கு லாப வரி இல்லை. குடிமக்களுக்கு 10 லட்சம் வெள்ளி மதிப்பு வரை முத்திரை வரியும் இல்லை. உண்மைதான். ஆனால் மகனுக்கு வருஷக் கணக்கு மாற்றிய தேதியில் புதிதாகத் தொடங்கும், வாங்கிய விலை மட்டும் அப்பாவுடைய பழைய விலையாகவே நிற்கும். அவர் சீக்கிரம் விற்றால் 30 விழுக்காடு, சுமார் 12,000. மகன் குடியிருக்கப் போகிறார் என்றால் அருமையான வழி. விற்பதற்காக மாற்றுவது வீண்.

இன்னொரு கதவும் உண்டு. சொந்தக் குடியிருப்பு வீட்டை விற்கும் லாபத்துக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை முழு விலக்குக் கேட்கலாம். ஆறாயிரம் வெள்ளிக்காக அதை எடுத்துவிட வேண்டாம் என்றேன். அக்கா பெயரிலும் ஒரு வீடு இருக்கிறதே, அவருக்கும் அந்த ஒரு முறை உண்டா என்று அண்ணன் கேட்டார். உண்டு, அவரவருக்குத் தனி என்றேன். ரசீதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வாங்கிய ஒப்பந்தத்தைத் தேட வீட்டுக்குக் கிளம்பினார்.