பழ ஈ உறக்கத்துக்கு டிஏஎம்2: எண்ணுவதும் தவறவிடுவதும்

பழ ஈயும் உறங்குகிறது என்பதை 2000-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. ஐந்து நிமிடம் தொடர்ந்து அசையாமல் இருந்தால் அது உறக்கம் என்ற கணக்கு அதையொட்டி நிலைத்தது. அந்தக் கணக்குக்கு ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் கருவி ட்ரைகைனெட்டிக்ஸ் நிறுவனத்தின் டிஏஎம்2.

ஒரு கருவியில் 32 கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றும் 5 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், குழாய்க்கு ஓர் ஈ. குறுக்கே ஒரே ஓர் அகச்சிவப்புக் கதிர். ஈ அதைக் கடந்தால் எண்ணிக்கை ஒன்று கூடும். அகச்சிவப்பு ஈயின் கண்ணுக்குத் தெரியாததால் இருட்டிலும் தடையில்லை. பல கருவிகளை ஒரே கணினியில் இணைத்து நூற்றுக்கணக்கான ஈக்களை வாரக்கணக்கில் கவனிக்கலாம். ஷேக்கர் என்ற மரபணுவில் மாற்றம் கொண்ட, குறைவாக உறங்கும் ஈ, ஏறத்தாழ 9,000 மரபு வரிசைகளை (தனித்தனி மரபுவழியாக வளர்க்கப்படும் ஈக் கூட்டங்களை) சலித்த பிறகுதான் 2005-இல் அடையாளம் காணப்பட்டது. அந்த அளவு வேலைக்கு இப்படி எளிமையான கருவிதான் தாங்கும்.

குழாய் தயாரிப்பில்தான் பாதி வெற்றி. 5% சர்க்கரை, 2% அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் உறைபொருள்) கலந்த உணவை உருக்கி, கட்டாகக் கட்டிய குழாய்களின் அடியில் 1.5 செ.மீ. உயரத்துக்கு ஏறவிட வேண்டும். உறைந்ததும் வெளிப்புறத்தைச் சுத்தமாகத் துடைத்த பிறகே அந்த முனையை உருகிய மெழுகில் முக்க வேண்டும். கண்ணாடியில் அகார் ஒட்டியிருந்தால் மெழுகு பிடிக்காது; ஓரத்தில் விரிசல் விட்டு, உணவு காய்ந்து சுருங்கி, ஈ செத்துவிடும். மயக்கிய ஈயைப் போட்டதும் குழாயைப் படுக்கவைத்துவிடுங்கள். நிறுத்திவைத்தால் மயக்கம் தெளியும் முன்பே இறக்கை உணவில் ஒட்டிக்கொள்ளும். மறுமுனையைப் பஞ்சால் தளர்வாக அடைத்தால் போதும். முதல் நாள் பதிவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கதிர் விழ வேண்டியது குழாயின் நடுவில் அல்ல, ஈ நடமாடும் இடத்தின் நடுவில். உணவுக்கு 15 மி.மீ., பஞ்சுக்கு 8 மி.மீ. போனால், உணவு முனையிலிருந்து 36 மி.மீ. தள்ளிக் கதிர் விழும்படி குழாயை நகர்த்துங்கள்.

இனி பெரிய குறை. உணவருகே நின்று தின்னும் ஈயும், மூலையில் காலால் தலையைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஈயும் கதிரைக் கடப்பதில்லை. இரண்டையும் கருவி உறக்கத்தில் சேர்த்துவிடும். அதனால் உறக்கம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும், குறிப்பாகப் பகலில். நுண்ணிய நடத்தை வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின், குழாய்க்கு 17 கதிர் கொண்ட எம்பி5 கருவி இருக்கிறது, ஆனால் அதில் 16 குழாய்கள்தான். அல்லது காமிரா வழிக்குப் போக வேண்டும். செத்த ஈயும் நன்றாக உறங்குவதாகவே பதிவாகும். கடைசி 24 மணி நேரம் முழுக்கப் பூஜ்யமாக உள்ள குழாயைக் கண்ணால் பார்த்து நீக்குங்கள். இணைசேர்ந்த பெண் ஈ என்றால் முட்டை பொரிந்து, நான்கைந்து நாளில் புழுக்கள் ஊர்ந்து கதிரை மறைக்கும். நீண்ட பதிவுக்கு ஆண் ஈ அல்லது இணைசேராத பெண் ஈ நல்லது.

மூளையின் குறிப்பிட்ட நரம்பணுக்களை டிரிப்ஏ1 (வெப்பத்தில் திறக்கும் அயனி வழிப் புரதம்) மூலம் வெப்பத்தால் தூண்டும் சோதனைக்கும் டிஏஎம்2 ஒத்துழைக்கும். ஆனால் 21 டிகிரியிலிருந்து 29-க்கு ஏற்றினால் வெப்பமே உறக்கத்தை மாற்றும். சோதனை ஈயைப் பெறக் கலந்த இரு பெற்றோர் வரிசைகளையும் ஒப்பீட்டுக்காகக் கூடவே ஓட்டாத முடிவு செல்லாது.

கருவி கைக்கு வந்ததும் காலிக் குழாய்களைப் போட்டு ஓர் இரவு ஓட்டுங்கள். ஈ இல்லாத இடத்தில் எண் ஏறினால் அந்தத் துளையில் தூசியோ இணைப்புக் கோளாறோ இருக்கிறது.