மடிப்புக்குள் போன முசாஷி

போன மாதம், என்னிடம் இருக்கும் வாகபாண்ட் என்ற ஜப்பானியப் படக்கதையின் (மங்கா) ஒன்பதாவது புத்தகத்தின் முதுகு விட்டுப்போனது. மேசைமேல் விரித்து வைத்து உள்ளங்கையால் லேசாக அழுத்தினேன், அவ்வளவுதான். பல கோடைகளில் காய்ந்திருந்த பசை அப்பளம்போல் நொறுங்கியது; நாற்பது ஐம்பது தாள்கள் கையோடு வந்துவிட்டன. பைண்டிங் கடைக்குப் போய் அது வீடு திரும்பிய வாரத்தில்தான் நண்பர் கேட்டார்: "வாகபாண்ட் கெட்டி அட்டையில் புதிதாக வருகிறதாமே, வாங்கலாமா? முடியாத கதை என்கிறார்களே?" ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லப் பார்த்தேன். வாய் வரவில்லை.

கதையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஸ்லாம் டங்க் என்ற கூடைப்பந்து மங்காவை வரைந்த தகேஹிகோ இனோவே, முசாஷி என்ற பழைய ஜப்பானிய வாள்வீரனைப் பற்றி எய்ஜி யோஷிகாவா எழுதிய முசாஷி நாவலை எடுத்துக்கொண்டு 1998-இல் மார்னிங் வார இதழில் தொடங்கியது இது. 37 தொகுதிகள், 327 அத்தியாயங்கள். 2015 மே மாதத்தோடு நின்றது. இன்றுவரை நின்றபடியே இருக்கிறது. என்னிடம் இருப்பது மூன்று தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்த ஆங்கிலத் தடிப் பதிப்பு. பன்னிரண்டு தடிப் புத்தகங்களில் 36 தொகுதிகள் அடங்கிவிடும். மிஞ்சிய 37-ஆவது தனியாக, ஒல்லியாக, உயரமும் குறைவாக வரிசையின் கடைசியில் நிற்கிறது. கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் ஓரமாக நிற்கும் தூரத்து உறவுக்காரப் பையனைப் போல.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது நடு மடிப்பு.

இனோவே சண்டையின் உச்சத்தில் படத்தை இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து விரித்துவிடுவார். தடிப் புத்தகத்திலோ ஏறத்தாழ அறுநூறு பக்கம், முதுகில் பசை. எவ்வளவு அழுத்தினாலும் நடுவில் ஒரு பள்ளம் இருந்துகொண்டே இருக்கும். முசாஷியின் ஒரு கண் இந்தப் பக்கம், மறு கண் அந்தப் பக்கம், மூக்கு பள்ளத்துக்குள். பதினோரு ஆண்டுகளாக இந்த மனிதரோடு பழகுகிறேன். சில படங்களில் அவர் மூக்கைப் பார்த்ததே இல்லை. விளக்கைச் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் விரித்தால் முதுகு உடையும் என்ற பயத்தில் பாதியிலேயே நிறுத்தியும் இருக்கிறேன்.

வேறு மங்கா என்றால் இவ்வளவு கோபம் வராது. பேச்சுக் குமிழிகளைப் படித்துக்கொண்டு போய்விடலாம். இங்கே அது நடக்காது. பதினான்காவது தொகுதியில் முசாஷியை அப்படியே விட்டுவிட்டு, எதிராளியான சசாகி கோஜிரோவின் பிறப்பிலிருந்து கதை மறுபடி தொடங்குகிறது. கடலோரத்தில் தனியே வாழும் வாள் ஆசான் கானெமாகி ஜிசாயிடம், ஒரு நீண்ட வாளோடு கைக்குழந்தையாக வந்து சேர்கிறான் கோஜிரோ. நாவலில் இல்லாத ஒன்றை இனோவே செய்கிறார்: அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. அதே பகுதியில்தான் பேனாவை வைத்துவிட்டுத் தூரிகையை எடுக்கிறார். கோடு ஓரிடத்தில் மையில் ஊறித் தடிக்கிறது, அடுத்த அங்குலத்தில் உலர்ந்து மயிரிழையாகப் பிரிகிறது. கோஜிரோ என்ன நினைக்கிறான் என்பதற்கு அந்தக் கோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. வசனமே இல்லாத பக்கத்தில் படமும் பள்ளத்துக்குள் போய்விட்டால் வாசகனுக்கு என்னதான் மிச்சம்?

நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். தாள் பெரியது, அச்சு கறுப்பாக விழுந்திருக்கிறது, ஆங்காங்கே வண்ணப் பக்கங்கள் உண்டு. ஒற்றைத் தொகுதிகளாக 37-ஐயும் சேர்த்திருந்தால் என் அலமாரியும் தாங்கியிருக்காது, பணப்பையும் தாங்கியிருக்காது. நியாயம் இத்துடன் முடிந்தது.

முதுகு விட்ட அன்றைக்கு வருவோம். விட்டுப்போனது யோஷியோகா வாள் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த எழுபது பேரை முசாஷி ஒற்றை ஆளாக எதிர்கொள்ளும் பகுதி. உதிர்ந்த தாள்களை வரிசை குலையாமல் அடுக்கிக்கொண்டிருந்தபோது அடுத்தடுத்த இரண்டு தாள்கள் தற்செயலாகப் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. ஓரம் ஒட்டி வைத்துப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக ஒரு முழுப் படம். பசைக்காகச் சீவிய இடத்தில் நூலளவு போயிருந்தது, மற்றதெல்லாம் இருந்தது. பள்ளத்துக்குள் ஒரு முகம் இருந்திருக்கிறது. வாளை ஓங்கிய ஆட்களுக்கு நடுவே, பின்வாங்கலாமா என்று யோசிப்பவனைப் போன்ற முகம். அவன் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. அன்றிரவு சாப்பாட்டை மறந்து தரையில் தாள்களைப் பரப்பி எழுபது பேரின் சண்டையை மறுபடி படித்தேன். உடைந்த புத்தகம் உடையாத புத்தகத்தைவிட நன்றாக இருந்தது. இதற்காக மற்றப் பதினொன்றையும் உடைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

எனக்கு இது மூன்றாவது முழு வாசிப்பு. முதல் முறை ஈட்டித் துறவி இன்ஷுன், யோஷியோகா சகோதரர்கள் என்று சண்டைகளுக்காகவே ஓடினேன். மதாஹாச்சி வந்தாலே எரிச்சலாக இருந்தது. கோஜிரோவின் பெயரைத் திருடிக்கொண்டு ஊர் ஊராகப் பொய் சொல்லித் திரிகிறவன். இப்போது அவன் வரும் பக்கங்களில்தான் நின்று நின்று படிக்கிறேன். வாளில் ஈடிணையற்றவனாக வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. செய்யாததைச் செய்ததாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசிப் பகுதியில் முசாஷி, இயோரி என்ற சிறுவனோடு ஒரு வறண்ட கிராமத்தில் தங்கி நிலத்தைத் திருத்துகிறார். எனக்கு முன்பே படிக்கத் தொடங்கிய இன்னொரு நண்பர் அங்கேதான் புத்தகத்தை மூடினார். "வாள்வீரன் கதை என்று வாங்கினேன், விவசாயக் கையேடு வந்திருக்கிறது" என்றார். நானும் அப்போது சிரித்தேன். இப்போது, மண் வெட்டத் தெரியாமல் வெட்டும் அந்தக் கைகளுக்காகவே முப்பத்து நான்காவது தொகுதியைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். வாளைப் பிடித்ததுபோலவே மண்வெட்டியையும் பிடிக்கிறார். மண் ஒத்துழைக்க மறுக்கிறது. ஆனால் முசாஷி தனக்குள் பேசிக்கொள்ளும் பக்கங்கள் மிகுதி என்ற அந்த நண்பரின் புகாரை என்னால் மறுக்க முடியவில்லை. சில அத்தியாயங்களில், போதும் ஐயா, வெட்டுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

முடியாத கதை என்ற குறைக்கு வருகிறேன். யோஷிகாவாவின் நாவல் 1935 முதல் 1939 வரை அசாஹி நாளிதழில் தொடராக வந்து முடிந்தது. முசாஷியும் கோஜிரோவும் மோதிய ஃபுனாஜிமா தீவில் யார் வென்றார், யார் விழுந்தார் என்பது ஜப்பானில் படித்தவர் படிக்காதவர் எல்லாருக்கும் தெரியும். 1612-இல் முடிந்துபோன ஒரு சண்டை 2015-இல் பாதி வழியில் நிற்கிறது. முடிவு தெரியாமல் தவிப்பது ஒரு வேதனை. முடிவு தெரிந்தும் அதை இந்தத் தூரிகை எப்படி வரையும் என்று தெரியாமல் இருப்பது வேறு வேதனை, எனக்கு இரண்டாவதுதான். இனோவே உடல்நிலைக்காக முன்பும் நிறுத்தியவர். வற்புறுத்த நாம் யார்? 2022-இல் ஸ்லாம் டங்க் திரைப்படத்தை அவரே இயக்கி வெளியிட்டபோது மகிழ்ந்தேன். மகிழ்ந்துகொண்டே கொஞ்சம் பொறாமையும் பட்டேன், முசாஷியின் சார்பில்.

இதில் கூத்து என்னவென்றால், முசாஷியின் இறுதிக் காலத்தை இனோவே ஏற்கெனவே வரைந்துவிட்டார். 2008-இல் டோக்கியோவின் உஏனோ அருங்காட்சியகத்தில் 'கடைசி மங்கா கண்காட்சி' என்று நடத்தினார். பெரிய தாள்களில் வரைந்து சுவரில் மாட்டினார். பார்க்க வந்தவர்கள் நடந்தபடியே கதையைப் படித்தார்கள். சுவரில் ஏது நடு மடிப்பு! அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பைண்டிங் கடைக்காரர் கணக்குப் புத்தகங்களும் கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளும் கட்டுகிறவர். வலமிருந்து இடமாகப் படிக்கும் புத்தகம் என்று இரண்டு முறை சொன்னேன். தலையசைத்தார். பசை நிற்காது, ஓரத்தில் துளை போட்டுத் தைத்தால்தான் உறுதி என்றார், சரி என்றேன். அது என் முட்டாள்தனம். தையல் இன்னும் அரை அங்குலத்தை விழுங்கியது. அந்தப் பின்வாங்கும் முகம் மறுபடி உள்ளே போய்விட்டது, இனி நிரந்தரமாக. முதுகில் நீலக் காலிகோ ஒட்டி, அதில் தங்க எழுத்தில் எண்ணும் போட்டுத் தந்தார். அவர் பழக்கப்படி முன்னட்டையைப் பார்க்கும்போது முதுகு இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து அச்சடித்திருக்கிறார். நேராக வைத்தால் 9 என்பது 6 ஆகத் தெரிகிறது.

நண்பருக்கு, வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலே இவ்வளவு எழுதியவன் இப்படிச் சொல்லலாமா என்றால், சொல்லலாம்; அந்த முகம் போன ஆத்திரம் இன்னும் தீரவில்லை. "அப்படியானால் உங்களுடையதைக் கொடுங்கள்" என்றார். முதல் ஆறையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன்: பழைய ஆறு அங்கேயே இருக்கிறது. இரண்டு ஆறில் உறுதியாகத் தெரிந்த நீல முதுகை அவர் எடுத்துப் போயிருக்கிறார். ஐந்தாவதை முடித்தார் என்றால் கோஜிரோவின் சிறுவயதிலிருந்து நேராக எழுபது பேரின் நடுவில் போய் விழுவார். சாயங்காலம் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.