இடுப்பில் வைக்க எது? கிளாக் 19, பி365, 43எக்ஸ், ஷீல்டு பிளஸ்

துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் புதியவர் அநேகமாக முதலில் கேட்பது, "இருப்பதிலேயே சின்னது எது?" என்றுதான். சட்டைக்குள் மறைத்து வைக்கத்தானே வாங்குகிறோம், சின்னதாக இருந்தால் நல்லதுதானே என்ற கணக்கு. பாதி சரி. சின்னது மறைக்கச் சுலபம், சுடக் கஷ்டம். பெரியது நேர் எதிர். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் கை, உடம்பு, உடுப்பு எந்த இடத்தில் நிறுத்துகிறதோ அந்தத் துப்பாக்கியை வாங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது கடையில் உள்ளதிலேயே சின்னதாக இருக்காது என்பது என் கட்சி.

துப்பாக்கிக்கு முன் விசா. அமெரிக்காவில் எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. வார இறுதியில் நண்பர்களோடு ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடம்) போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இந்தத் தடைக்குள் வரலாம் என்று நம் ஆட்களில் பலர் யோசிப்பதே இல்லை. கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டால் இந்தத் தடை கிடையாது. அதுவரை ஒரு வக்கீலைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

அடுத்தது மாநிலம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தடையேதும் இல்லாத 21 வயது கடந்தவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். ஆனாலும் உரிமம் எடுத்துவிடுவது நல்லது, பக்கத்து மாநிலங்களுக்குக் காரில் போகும்போது உதவும். நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா பக்கம் முன்பெல்லாம் சாதாரண ஆளுக்கு உரிமம் கிடைப்பது குதிரைக்கொம்பு. 2022 ஜூனில் புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 'எனக்குத் தனி ஆபத்து இருக்கிறது' என்று நிரூபிக்காமலே விண்ணப்பிக்க வழி பிறந்தது. ஆனால் இந்த மூன்று மாநிலங்களிலும் மேகசினில் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது. இந்த ஒரு விதி கீழே வரும் ஒப்பீட்டையே புரட்டிப் போட்டுவிடும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாக் 19

1988இல் வந்தது. ஆஸ்திரிய ராணுவத்துக்குப் போன கிளாக் 17இன் குழலையும் கைப்பிடியையும் கொஞ்சம் நறுக்கினால் இது. 102 மி.மீ குழல், 15 தோட்டா, காலி மேகசினோடு சுமார் 670 கிராம். நிரப்பினால் 850 கிராம் அளவுக்கு வரும். உறை, மேகசின், உதிரி பாகம் எல்லாம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். சுடுவதற்கு இதைவிடச் சாதுவான 'காம்பாக்ட்' எனக்குத் தெரியவில்லை. மூன்று விரல்களும் கைப்பிடியில் உட்காரும், எடை உதையை வாங்கிக்கொள்ளும், புதிதாகக் கற்பவர்கூட முதல் வகுப்பிலேயே ஏழு கஜத்தில் காகிதத்தின் நடுவில் அடித்துவிடுவார்.

குறை தடிமன். ஒல்லியான ஆள் டி-ஷர்ட் போட்டால் தெரியும். ஹூஸ்டன் மாதிரி ஊரில் வருடத்தில் பாதி நாள் டி-ஷர்ட்தான். காலை எட்டு மணிக்குக் கட்டிக்கொண்டால் மாலை நான்கு மணிக்கு எடை தெரிய ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் 'இன்று வேண்டாம், பக்கத்துக் கடைக்குத்தானே' என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தொடங்குவார்கள். பிறகு அது பெட்டகத்தை விட்டு வெளியே வருவதில்லை.

கிளாக்கில் வெளியே தள்ளிவிடும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. உள்ளே மூன்று பாதுகாப்பு அமைப்புகள் உண்டு, கீழே விழுந்தால் சுடாது, ஆனால் விசையை இழுத்தால் சுடும், அவ்வளவுதான். அதோடு, சுத்தம் செய்யக் கழற்றுவதற்கும் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். மேகசினை எடுத்துவிட்டோமே என்ற நிம்மதியில், குழலின் பின்பக்கத்தில் ஒரு தோட்டா தங்கியிருப்பதை மறந்து சுவரைச் சுட்டவர்கள் உண்டு. பி365ஐ விசையைத் தொடாமலே கழற்றலாம். சிலருக்கு இது அற்ப வித்தியாசம். வீட்டில் பிள்ளைகள் இருக்கும் எனக்கு அப்படி இல்லை.

2018க்குப் பிறகு வந்தவை

அதற்கு முன்பெல்லாம் மெலிதான துப்பாக்கி வேண்டுமென்றால் தோட்டா எண்ணிக்கையைப் பலி கொடுக்க வேண்டும். 2012இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டில் ஏழோ எட்டோ. 2015இல் வந்த கிளாக் 43இல் ஆறு. தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்பதால் அதற்குமேல் அடங்காது. 2018 ஜனவரியில் சிக் சாவர் பி365ஐக் கொண்டுவந்தது. மேகசினுக்குள் தோட்டாக்களைக் கொஞ்சம் மாற்றி மாற்றி விலக்கி அடுக்கி, ஏறக்குறைய அதே தடிமனில் பத்துத் தோட்டா. 79 மி.மீ குழல், 505 கிராம். மற்ற கம்பெனிகள் எல்லாம் அடித்துப் பிடித்துப் பின்னால் ஓடின. 2019இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், 2021இல் ஷீல்டு பிளஸ். முதல் சில மாதங்களில் வந்த பி365களில் சுடுமுள் (தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்க வைக்கும் முள்) உடைவதாகப் பரவலாகப் புகார் எழுந்தது, பிறகு அது அடங்கியது. பழையதை வாங்குபவர்கள் எந்த வருடத்தில் செய்தது என்று பார்த்து வாங்குவது உத்தமம்.

பி365இன் பெரிய பலம் அதன் உள்ளே இருக்கும் விசைத் தொகுதி. சட்டப்படி அந்தச் சின்ன இரும்புத் தொகுதிதான் துப்பாக்கி, வரிசை எண்ணும் அதில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் கைப்பிடியைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம், புதிதாகப் பதிவு எதுவும் தேவையில்லை. சின்னது கைக்குப் பொருந்தவில்லை என்றால் எக்ஸ்எல் கைப்பிடி போட்டுக்கொள்ளலாம். பலவீனமும் அந்தச் சின்ன உடம்புதான். அடிப்படை மாடலில் சராசரி ஆணின் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். ஒவ்வொரு வேட்டுக்கும் பிடி நழுவி, திரும்பச் சரி செய்ய வேண்டியிருக்கும். தோட்டா முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைத்தாக வேண்டும், எடை குறையக் குறைய உதை கூடும். அதே 9 மி.மீ தோட்டாவைக் கிளாக் 19இல் ஐம்பது சுட்டுவிட்டு உடனே பி365இல் ஐம்பது சுட்டுப் பாருங்கள், உள்ளங்கையே சொல்லும். பி365 எக்ஸ்எல் என்ற பெரிய மாடல் இதை நிறையவே சரி செய்கிறது: 94 மி.மீ குழல், 12 தோட்டா, சுண்டுவிரலுக்கும் இடம்.

இப்போது 43எக்ஸ். கிளாக் 2019இல் விட்டது. மெலிதான ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்), பத்துத் தோட்டா, காலி மேகசினோடு சுமார் 530 கிராம். கையில் எடுத்தவுடன் பிடித்துப்போகும், கைப்பிடி அவ்வளவு வசதி. வசதிக்குக் காரணம் அதன் உயரம் 128 மி.மீ. கிளாக் 19இன் உயரமும் அதே 128 மி.மீதான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இடுப்புப் பட்டிக்குள் செருகும்போது குழல் கால்சட்டைக்குள் போய்விடும், அது நீளமாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. சட்டைக்கு மேல் புடைத்துக்கொண்டு நிற்பது கைப்பிடியின் நுனி. குனிந்து மளிகைப் பையை எடுக்கும்போது அந்த முனைதான் காட்டிக்கொடுக்கும். ஆக, 43எக்ஸ் தடிமனில் 19ஐ ஜெயிக்கிறது, கைப்பிடி நீளத்தில் ஜெயிக்கவில்லை, ஐந்து தோட்டா குறைவு வேறு. வெளிக் கம்பெனிகள் 15 தோட்டா மேகசின் விற்கின்றன. ரேஞ்சுக்குச் சரி. உயிரை நம்பி வைப்பதில் நான் கம்பெனி மேகசினைத்தான் போடுவேன்.

ஆனால் நீங்கள் நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ இருந்தால் கணக்கே வேறு. அங்கே கிளாக் 19இலும் பத்துதான். பிறகு எதற்கு அந்தத் தடிமனைச் சுமக்க வேண்டும்? பத்துத் தோட்டா மாநிலங்களில் 43எக்ஸுக்கே என் ஓட்டு. கிளாக்கின் குட்டித் துப்பாக்கியான 26 வந்ததும் இப்படிப்பட்ட ஒரு காலத்தில்தான்: 1994இல் நாடு முழுவதற்கும் பத்துத் தோட்டா வரம்பு வந்தது (2004இல் காலாவதியானது), அடுத்த வருடமே 26 கடைக்கு வந்துவிட்டது. கலிஃபோர்னியாக்காரர்கள் மாநிலம் வைத்திருக்கும் அனுமதிப் பட்டியலையும் பார்த்தாக வேண்டும், அதில் இல்லாத மாடலைக் கடைக்காரர் விற்க மாட்டார். நியூ ஜெர்சியில் இன்னொரு வில்லங்கம்: ஹாலோ பாயிண்ட் தோட்டாவை (நுனியில் குழி உள்ளது, உள்ளே போனதும் விரியும்) வீட்டிலும் ரேஞ்சிலும் வைத்திருக்கலாம், இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது.

ஷீல்டு பிளஸைப் பற்றிப் பேச அதிகம் இல்லை, அது குறையல்ல. 573 கிராம், பத்து அல்லது 13 தோட்டா, பாதுகாப்புப் பொத்தானோடும் கிடைக்கும் இல்லாமலும் கிடைக்கும். பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் பி365, 43எக்ஸ், ஷீல்டு பிளஸ் மூன்றிலும் விசை இதில்தான் மிருது. விலையும் பெரும்பாலும் இதுவே குறைவு. ஆனாலும் ஆட்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் துப்பாக்கி வாங்கும் நண்பருக்கு, பத்துத் தோட்டா வரம்பு இல்லாத மாநிலத்தில், நான் கைகாட்டுவது பி365 எக்ஸ்எல்லை அல்லது இதை. பணம் ஒரு பொருட்டு என்றால் இதை.

பாக்கெட் துப்பாக்கிகளும் ரிவால்வரும்

ருகர் எல்சிபி மேக்ஸ் சுமார் 300 கிராம், .380 காலிபர் (9 மி.மீட்டரைவிட வலுக் குறைந்த தோட்டா), பத்துத் தோட்டா, பாக்கெட்டில் போட்டால் பர்ஸ் மாதிரி இருக்கும். சுட்டால் கை கடுக்கும். யாரும் இதை வைத்துப் பயிற்சி செய்வதில்லை, அதுதான் சிக்கல். .380 தோட்டாவில் விரிந்தால் ஆழம் போதாது, ஆழம் போனால் விரிந்திருக்காது என்ற இழுபறி எப்போதும் உண்டு. எஃப்.பி.ஐயே பெரிய .40 காலிபரை விட்டுவிட்டு 9 மி.மீட்டருக்குத் திரும்பிய பிறகு, அதற்கும் கீழே இறங்க வலுவான காரணம் வேண்டும்.

"ரிவால்வர்தான் சுலபம், பெண்களுக்கு ஏற்றது" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஸ்மித் அண்ட் வெஸன் 642 ஐந்து தோட்டா, 400 கிராம் சொச்சம். விசை நீளமாகவும் கனமாகவும் இருக்கும், அந்தக் கனத்தை இழுக்கும்போதே குறி ஆடிவிடும். பழகியவர் கையில் அருமையான பொருள், பழகாதவருக்கு இருப்பதிலேயே கஷ்டமானது. ஸ்லைடை இழுக்கக் கையில் வலு இல்லாதவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் ஷீல்டு ஈஇசட் என்று ஒன்று இருக்கிறது, ஸ்லைடு வெண்ணெய் மாதிரி வரும். மாமனார் மாமியாருக்கென்று கேட்பவர்களுக்கு அதையே சொல்கிறேன். அவர்கள் விருந்தினர் விசாவில் வந்தவர்கள் என்றால் மேலே விசாவைப் பற்றிச் சொன்னதை மறுபடி படிக்கவும்.

மீதிச் செலவு

துப்பாக்கிக்கு ஐந்நூறு டாலர் போட்டுவிட்டு, உறைக்குப் பதினைந்து டாலரில் துணிப்பை வாங்குவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். விசையை முழுவதும் மூடும் கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) உறை, வளையாத தடித்த பெல்ட், இரண்டுக்கும் சேர்த்து நூற்றைம்பது டாலராவது ஆகும். நல்ல பெல்ட்டில் கிளாக் 19 லேசாகத் தெரியும், சாதாரண பெல்ட்டில் பி365கூடத் தொங்கும். சுடிதார், லெக்கிங்ஸ் போடுபவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை இருக்கிறது. விசைப் பகுதியில் கெட்டியான தகடு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். கைப்பையில் மட்டும் வேண்டாம். பையை நாற்காலியில் மாட்டிவிட்டுப் போவோம், பிள்ளை சாக்லேட் தேடும். வேட்டிக்கு உருப்படியான உறை இன்னும் என் கண்ணில் படவில்லை.

வீட்டில் விரல்ரேகைக்கோ எண்ணுக்கோ திறக்கும் சின்னப் பெட்டகம் கட்டாயம். அமெரிக்காவில் துப்பாக்கியால் போகும் உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மன உளைச்சலில் இருக்கும் காலம் என்றால் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள், வாங்கிவிட்டிருந்தால் வீட்டை விட்டு வெளியே வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

வாங்குமுன் வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்குப் போங்கள். எக்ஸ்எல், ஷீல்டு பிளஸ், 19 மூன்றையும் ஒரே நாளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா, ஏழு கஜத்தில், தனித்தனிக் காகிதத்தில் சுடுங்கள். முதல் பத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதில் எல்லோரும் நன்றாகத்தான் சுடுவார்கள். கை சோர்ந்த பிறகு சுட்ட கடைசிப் பத்து எந்தக் காகிதத்தில் நெருக்கமாக விழுந்திருக்கிறதோ, அந்தத் துப்பாக்கியைக் காலி செய்து, கடைக்காரர் அனுமதியோடு உறையில் செருகி, உங்கள் சட்டையை மேலே விட்டு, கண்ணாடி முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.