1,250 ரூபாயை 1 ஆக்கிய பெர்லும் பிடிவாதக்கார கோவும்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏலத்தொகையில் ஐஸ், டீசல், முன்பணம் எல்லாம் கழித்துப் படகுக்காரர்களுக்குப் பட்டியல் போடுவது கீழக்கரைக் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் பெர்ல் என்ற கணினி மொழியில் 2008இல் எழுதித் தந்த ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம். நடுவில் மூன்று கம்ப்யூட்டர் மாறியும் அதில் ஒரு வரிகூட மாற்றவில்லை. பெர்ல், லாரி வால் என்பவர் 1987இல் வெளியிட்ட மொழி. கிழவன்தான், ஆனால் உழைப்பாளி.

பிப்ரவரியில் புதிதாகச் சேர்ந்த பையன் நண்டுத் தொகையை 1,250 என்று கமா போட்டு அடித்துவிட்டான். பெர்ல் கமா வரைக்கும் படித்து, 1 என்று எடுத்துக்கொண்டது. எச்சரிக்கை காட்டும் வசதி பெர்லில் உண்டு, காக்கா அதைப் போட்டு வைக்கவில்லை. பட்டியலைப் பார்த்த படகுக்கார அண்ணன், "ஏன்பா, நான் நண்டு போட்டேனா, வெறும் ஓடு போட்டேனா?" என்றார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் நிற்க, பட்டியல் புரோகிராமைப் புதிதாக எழுத நான் கோ (Go) என்ற கணினி மொழியைக் கையில் எடுத்தேன். கூகுள் 2009இல் வெளியிட்டது. இரண்டுமே இலவசம், செலவு நம் நேரம்தான்.

முதல் வாரம் எரிச்சல். ஒரு மாறியை (மதிப்பை வைக்கும் பெயர்) அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டால் கம்பைலே ஆகாது, அதாவது ஓடும் புரோகிராமாகவே மாறாது. மீன்வளத் துறை டோக்கன் இல்லாமல் படகு கிளம்ப முடியாது அல்லவா, அந்த மாதிரி. ஆனால் அதே 1,250ஐ எண்ணாக்கச் சொன்னபோது, எண்ணோடு சேர்த்து ஒரு எரரையும் (பிழைத் தகவல்) கையில் கொடுத்தது. வேண்டுமென்றே எரரை வாங்கும் இடத்தில் அடிக்கோடு (_) போட்டு அதைத் தள்ளிவிடலாம்தான். அப்போது 0 வரும், தப்பும் நம்முடையது. அப்புறம், முடிந்ததும் புரோகிராம் முழுக்க ஒரே பைல். ஆபீஸ் விண்டோஸ் கம்ப்யூட்டரில் பென்டிரைவிலிருந்து போட்டேன், ஓடியது. பெர்லுக்கு அங்கே அதை ஓட்டும் மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும்.

பெர்லைத் தூக்கி எறியவில்லை. பழைய பைல்களில் "12கிலோ", "12 கி", "சீலாமீன்", "சீலா" என்று ஆளுக்கொரு விதமாக அடித்து வைத்திருக்கிறார்கள். பெர்லில் ஒரு வரியில் சரி செய்தேன். கோ மொழியில் அதற்கே நாற்பது வரி போயிற்று. இந்த மாதிரி வேலைக்கு இன்றும் கிழவன்தான். தினப் பட்டியலுக்கு மட்டும் கோ.

கோவுக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண். ஒன்றைக் குறைத்தது தமிழுக்காக. "மீன்" நமக்கு இரண்டு எழுத்து. கோ ஈகாரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாகக் கொண்டு அதை நான்காக எண்ணி இடம் விடுகிறது. அதனால் எடைக் கட்டம் கோணல். முதலாளி பட்டியலைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பழசுலயும் இப்படித்தானப்பா இருந்துச்சு" என்றார்.